கேட்கப்படாத ஆணை: ஹாரிங்கே, 2007

2007 ஜூலை 25. வட லண்டனின் உள்ளாட்சி அமைப்பான ஹாரிங்கே கவுன்சிலின் குழந்தைகள் நலப் பிரிவு தன் வழக்கறிஞரோடு ஒரு கூட்டம் நடத்தியது. பேச்சு, இன்னும் 17 மாதம் நிறையாத ஓர் ஆண் குழந்தையைப் பற்றியது. இந்தக் குழந்தைக்காக நீதிமன்றத்தில் ஆணை கேட்கலாமா என்பதுதான் கேள்வி. சட்டம் எதிர்பார்க்கும் வரம்பை இந்த வழக்கு எட்டவில்லை என்று ஆலோசனை வந்தது. கூட்டம் கலைந்தது.

ஒன்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 3 அன்று, குழந்தை இறந்துபோனது. பிரேதப் பரிசோதனையில் முதுகெலும்பு முறிந்திருந்தது, விலா எலும்புகள் உடைந்திருந்தன, உடலில் 50-க்கும் மேற்பட்ட காயங்கள். வயிற்றில் ஒரு பல் கிடந்தது. வாயில் அடி விழுந்தபோது பெயர்ந்து உள்ளே போனது.

பிரிட்டனில் இது 'பேபி பி' வழக்கு. குழந்தையின் பெயர் பீட்டர் என்பது பின்னால்தான் வெளியிடப்பட்டது. யாரைக் குற்றம் சொல்வது என்ற கோணத்தில் இதைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். நான் பார்க்க நினைப்பது அதைவிடச் சின்ன விஷயம்: பீட்டரைக் கண்காணித்த எட்டு மாதமும் கவுன்சிலின் கையில் என்னென்ன சட்டக் கருவிகள் இருந்தன, அவற்றில் ஒன்றைக்கூட ஏன் எடுக்கவில்லை? என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவிகளுக்குப் பஞ்சம் இல்லை. தாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுகிறவருக்கு எதிராக எதற்கு ஆணை என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது.

கவுன்சிலால் என்ன முடியும், என்ன முடியாது

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ இருக்கும் நம்மவர்களிடம் பேசிப் பார்த்தால், "சோஷியல் சர்வீஸ்காரர் பிள்ளையைக் கொண்டு போயிடுவினம்" என்ற பயம் எங்காவது எட்டிப் பார்க்கும். சமூகப் பணியாளர் ஒருவர் தன் அதிகாரத்தில் ஒரு குழந்தையையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்கு மூன்று வழிகள்தான். பெற்றோர் சம்மதிக்க வேண்டும், அல்லது போலீஸ் தன் அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும், அல்லது நீதிமன்றம் ஆணையிட வேண்டும்.

மூன்றுமே 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தில் இருக்கின்றன. 1991 அக்டோபர் 14 முதல் அது நடைமுறையில் உள்ளது. 20-ஆம் பிரிவின் கீழ் பெற்றோர் சம்மதத்தோடு கவுன்சில் குழந்தையைத் தங்கவைக்கலாம். பெற்றோர் மனம் மாறினால் கேட்ட மாத்திரத்தில் திருப்பிக் கூட்டிப் போகலாம். 46-ஆம் பிரிவின் கீழ் போலீஸ் ஒரு குழந்தையை அதிகபட்சம் 72 மணி நேரம் பாதுகாப்பில் வைக்கலாம்; இதற்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை. 44-ஆம் பிரிவு அவசரப் பாதுகாப்பு ஆணை. நீதிமன்றம் கொடுப்பது, 8 நாள் செல்லும், ஒரே ஒரு முறை இன்னும் 7 நாள் நீட்டலாம். தேவைப்பட்டால் பெற்றோருக்கு முன்னறிவிப்பு இல்லாமலே கேட்கலாம்.

அப்புறம் பெரிய ஆணை, 31-ஆம் பிரிவின் பராமரிப்பு ஆணை. இது கிடைத்தால் குழந்தைக்கு 18 வயதாகும் வரை பெற்றோரின் பொறுப்பில் கவுன்சிலும் பங்கு பெறும். அந்தப் பொறுப்பைப் பெற்றோர் எந்த அளவுக்குச் செயல்படுத்தலாம் என்பதைக்கூட கவுன்சிலே தீர்மானிக்க முடியும். அதே பிரிவில் மேற்பார்வை ஆணையும் உண்டு. அதில் குழந்தை வீட்டிலேயே இருக்கும், கவுன்சில் கண்காணித்து உதவும், பெற்றோரின் பொறுப்பு கவுன்சிலுக்குப் போகாது. வழக்கு முடிய மாதக்கணக்கில் ஆகும் என்பதால் நடுவில் 38-ஆம் பிரிவின் இடைக்காலப் பராமரிப்பு ஆணை. அந்தக் காலத்தில் முதலில் 8 வாரம், பிறகு நான்கு நான்கு வாரமாகப் புதுப்பிப்பார்கள்.

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் சட்டம் கேட்கும் உறுதியின் அளவு வேறு. இந்த வழக்கைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி. விசாரிக்கத் தொடங்க, குழந்தைக்குக் கணிசமான தீங்கு நேர்கிறது என்று 'சந்தேகிக்க' நியாயமான காரணம் போதும். 47-ஆம் பிரிவின்படி அப்போது விசாரிப்பது கவுன்சிலின் கடமை. அவசர ஆணைக்கும் இடைக்கால ஆணைக்கும் 'நம்புவதற்கு' நியாயமான அடிப்படை வேண்டும். முழுப் பராமரிப்பு ஆணைக்கு மட்டும்தான், தீங்கு நேர்ந்தது அல்லது நேரக்கூடும், அதுவும் பெற்றோரின் கவனிப்பு சரியில்லாததால் என்பது நீதிமன்றத்தில் நிரூபணமாக வேண்டும். முதல் நாளே கடைசிப் படியின் ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கச் சொல்லி சட்டம் யாரையும் கேட்கவில்லை.

எட்டு மாதம்

பீட்டர் பிறந்தது 2006 மார்ச் 1. அந்த ஆண்டு தந்தை வீட்டை விட்டுப் போய்விட்டார். டிசம்பர் 11 அன்று குடும்ப மருத்துவர் குழந்தையின் தலையிலும் மார்பிலும் கன்றிப்போன தழும்புகளைப் பார்த்து விட்டிங்டன் மருத்துவமனைக்கு அனுப்பினார். தானாக விழுந்து பட்ட காயம் போல இல்லை என்று அங்கே கருத்து வந்தது. ஒன்பது மாதக் குழந்தை அது. எழுந்து நடக்காத குழந்தைக்கு உடம்பில் பல இடங்களில் தழும்பு எப்படி வரும்?

போலீஸ் தாயைக் கைது செய்து விசாரித்தது. குழந்தையை ஒரு குடும்ப நண்பரிடம் விட்டார்கள். டிசம்பர் 22 அன்று நடந்த கூட்டத்தில், உடல் வன்முறை, கவனிப்பின்மை என்ற இரண்டு தலைப்பின் கீழும் பீட்டரின் பெயர் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் ஏறியது.

இந்தப் பதிவேட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2008 வரை இருந்த அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறினால் பல துறை அதிகாரிகள் கூடிப் பேசினார்கள், திட்டம் போட்டார்கள், வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். ஆனால் அதனால் கவுன்சிலுக்குச் சட்டப்படி ஒரு துளி அதிகாரமும் கூடவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குப் பெரிய நடவடிக்கை எடுத்தது போலத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கும் அப்படித் தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நண்பர் வீட்டில் வைத்திருந்ததும் தாயின் சம்மதத்தோடுதான். ஆணை இல்லை. ஆகவே 2007 ஜனவரி 26 அன்று பீட்டர் வீட்டுக்குத் திரும்பியபோது, அது பாதுகாப்பானதா என்று எந்த நீதிபதியும் கேட்கவில்லை. கேட்பதற்கு வழக்கே இல்லையே.

இந்தச் சமயத்தில் தாயின் புதிய நண்பர் அந்த வீட்டில் குடியேறிவிட்டார். வீட்டில் தன்னோடு ஆண் யாரும் இல்லை என்றே தாய் சொல்லிவந்தார். பெற்றோருக்கான பயிற்சி வகுப்புக்குப் போனார், வரச்சொன்ன கூட்டங்களுக்கு வந்தார், கதவைத் திறந்துவிட்டார். ஏப்ரல் 9 அன்று தலையில் வீக்கத்தோடு பீட்டரை நார்த் மிடில்செக்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். இன்னொரு குழந்தை தள்ளிவிட்டதாகச் சொன்னார் தாய். ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஜூன் 1 அன்று சமூகப் பணியாளர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார். முகத்தில் தழும்பு. அதே மருத்துவமனையில் உடலெங்கும் ஒரு டஜன் தழும்புகளும் கீறல்களும் இருந்தது தெரிந்தது. காலில் இருந்தவை யாரோ இறுக்கிப் பிடித்த தடம் போல இருந்தன. தாய் மறுபடி கைதானார். ஜூன் 4 அன்று கூடிய அதிகாரிகள், சட்ட ஆலோசனை கேட்க முடிவெடுத்தார்கள். அந்த ஆலோசனைக் கூட்டம் நடந்ததுதான் ஜூலை 25. நடுவில் ஏழு வாரத்துக்கும் மேல் ஓடிவிட்டது.

ஜூலை 30 அன்று சமூகப் பணியாளர் வந்தபோது குழந்தையின் முகத்திலும் கையிலும் சாக்லேட் அப்பியிருந்தது. காயத்தை மறைக்கத்தான் பூசியிருந்தார்கள். ஆகஸ்ட் 1 அன்று குழந்தை மருத்துவ நிபுணரிடம் காட்டினார்கள். குழந்தை சிணுங்கலாக இருந்ததால் முழுப் பரிசோதனை நடக்கவில்லை. ஆகஸ்ட் 2 அன்று தாய் மீது வழக்கு இல்லை என்று போலீஸ் சொன்னது. மறுநாள் மரணம். அந்த எட்டு மாதத்தில் வெவ்வேறு துறை ஆட்கள் பீட்டரைச் சுமார் 60 முறை பார்த்திருக்கிறார்கள்.

எந்தக் கருவி எங்கே பொருந்தியிருக்கும்

நடந்து முடிந்த பிறகு ஞானம் பேசுவது சுலபம். ஆகவே அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்தே பார்ப்போம்.

டிசம்பர் 2006-இல் மருத்துவக் கருத்து கையில் இருந்தது, தாய் கைதாகியிருந்தார், காயத்துக்கு நம்பும்படியான விளக்கம் இல்லை. 'நம்புவதற்கு நியாயமான அடிப்படை' என்ற படிக்கு இது போதும் என்பது என் கருத்து. அவசர ஆணை கேட்கக் கொஞ்சம் தயங்கியிருக்கலாம், அதற்கு நியாயமும் உண்டு. 2004-இல் நீதிபதி மன்பியும் 2006-இல் நீதிபதி மக்ஃபார்லேனும் அவசர ஆணை மிகக் கடுமையான ஒன்று, உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே கேட்க வேண்டும் என்று கறாராகத் தீர்ப்பு எழுதியிருந்தார்கள். பீட்டரோ அப்போது மருத்துவமனையில், பிறகு நண்பர் வீட்டில். அவசரம் இல்லை என்று வாதிடலாம். ஆனால் 31-ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போட்டு இடைக்கால ஆணை கேட்பதற்கு இந்தத் தடை எதுவும் கிடையாது.

வழக்குப் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? அதிகாரம் கிடைத்திருக்கும் என்பார்கள். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, புதிய கண்கள் கிடைத்திருக்கும் என்பது. பராமரிப்பு வழக்கு தொடங்கியதும் குழந்தைக்கென்று ஒரு தனிப் பாதுகாவலர் நியமிக்கப்படுகிறார். அவர் காஃப்காஸ் என்ற தேசிய அமைப்பிலிருந்து வருபவர், கவுன்சிலுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. கோப்பை முதலிலிருந்து படிப்பார், வீட்டுக்குப் போவார், கவுன்சிலின் திட்டம் சரியில்லை என்றால் அதையும் நீதிமன்றத்தில் சொல்வார். குழந்தைக்குத் தனி வழக்கறிஞரும் உண்டு. மருத்துவ நிபுணரின் அறிக்கை இந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்று நீதிபதி கெடு வைப்பார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்குத் தாய் சமூகப் பணியாளரிடம் தேநீர் குடித்துக்கொண்டே பதில் சொல்வது வேறு, நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொல்வது வேறு.

சட்டத்தில் இன்னும் இரண்டு சின்னக் கருவிகள் உண்டு. இரண்டுமே இந்த வழக்கில் வழுக்கிப்போனவை. ஒன்று, 43-ஆம் பிரிவின் மதிப்பீட்டு ஆணை. குழந்தையைப் பரிசோதிக்கப் பெற்றோர் மறுத்தால் நீதிமன்றம் 7 நாள் வரை கட்டாயப்படுத்தலாம். பீட்டரின் தாய் மறுக்கவே இல்லை. இன்னொன்று, 1996-இன் குடும்பச் சட்டம் சேர்த்த வெளியேற்ற நிபந்தனை: குழந்தையை வீட்டை விட்டு எடுப்பதற்குப் பதில், ஆபத்தான ஆளை வீட்டை விட்டு அனுப்பலாம். நல்ல யோசனைதான். ஆனால் அப்படி ஓர் ஆள் அங்கே வசிப்பதே கோப்பில் இல்லை.

இங்கேதான் இந்தச் சட்டத்தின் இயல்பு வெளிப்படுகிறது. பெற்றோர் கதவைச் சாத்தினால், பரிசோதனைக்கு மறுத்தால், கத்தினால், சட்டம் உடனே விழித்துக்கொள்ளும். விசாரணைக்கு இடையூறு செய்வதே அவசர ஆணைக்குத் தனி அடிப்படை. ஆனால் வாங்க, உட்காருங்க என்று வரவேற்று, சொன்னதற்கெல்லாம் சரி என்கிற ஆளிடம் அது சும்மா இருக்கும். ஆணை இல்லாமல் இருப்பதைவிட ஆணையிடுவது குழந்தைக்கு நல்லது என்றால் மட்டுமே ஆணையிட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் முதல் பிரிவிலேயே உள்ள கொள்கை. நீதிமன்றத்துக்குச் சொன்னது அது. நடைமுறையில் அது கவுன்சில் அலுவலகம் வரை நீண்டு, 'ஒத்துழைக்கிறார்கள் என்றால் வழக்கு வேண்டாம்' என்ற பழக்கமாகிவிட்டது.

ஜூலை 25 ஆலோசனைக்கு வருவோம். யார் அடித்தது என்று தெரியவில்லை என்ற சிக்கல் அன்றைக்கு இருந்தது உண்மை. போலீஸுக்கு அது பெரிய முட்டுக்கட்டை. குடும்ப நீதிமன்றத்துக்கு அப்படி இல்லை. கவனித்துக்கொண்ட பலரில் யார் காயப்படுத்தியது என்று தெரியாவிட்டாலும் வரம்பு எட்டியதாகக் கொள்ளலாம் என்று அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 2000-ஆம் ஆண்டிலேயே லங்காஷயர் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. பீட்டர் விஷயத்தில் பிற்பாடு நடந்த குற்ற வழக்கிலும் கொலைக் குற்றம் யார் மீதும் நிலைக்கவில்லை. தாய், அவருடைய நண்பர், வீட்டில் தங்கியிருந்த இன்னொருவர் என மூவருக்கும் 2009 மே மாதம் தண்டனை கிடைத்தது, குழந்தையின் மரணத்துக்குக் காரணமானது அல்லது நடக்க விட்டது என்ற 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் குற்றத்துக்காக. அதாவது, யார் கை என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரை காத்திருந்தால் என்றைக்குமே ஆணை கேட்டிருக்க முடியாது.

ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. அன்று நிலவிய 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று, குற்றச்சாட்டு எவ்வளவு கடுமையோ அவ்வளவு வலுவான ஆதாரம் வேண்டும் என்று பலரையும் நினைக்க வைத்திருந்தது. அது தவறான புரிதல், எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற எளிய அளவுகோலே போதும் என்று பிரபுக்கள் சபை தெளிவுபடுத்தியது 2008 ஜூன் மாதம், பெண் நீதிபதி ஹேலின் தீர்ப்பில். பீட்டர் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. இதை ஒப்புக்கொண்டாலும், இரண்டு முறை கைது, மூன்று முறை மருத்துவமனை என்ற கோப்பைப் பார்த்து இடைக்கால ஆணைக்குக்கூடப் போதாது என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பின்னர் நடந்த இரண்டாவது அதிகாரபூர்வ மறுஆய்வும், மருத்துவர், வழக்கறிஞர், போலீஸ், சமூகப் பணியாளர் எல்லோரும் இன்னும் வேகமாகவும் கேள்வி கேட்டும் செயல்பட்டிருந்தால் முதல் சம்பவத்தோடே இது நின்றிருக்கும் என்றுதான் சொன்னது.

பக்கத்து பரோவில் அதே ஜூலை

ஹாரிங்கேவின் எல்லையை ஒட்டியது ஹாக்னி, லண்டனின் இன்னொரு பரோ, அதாவது தனிக் கவுன்சில் உள்ள பகுதி. அங்கே அதே 2007 ஜூலையில் நேர் எதிரான ஒன்று நடந்தது. அது பத்திரிகைகளில் பேபி பி அளவுக்குப் பேசப்படவில்லை, ஆனால் வழக்கறிஞர்கள் இன்றைக்கும் பேசுவது.

எட்டுப் பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம். ஒரு பையன் கடையில் திருடிப் பிடிபட்டான். அப்பா பெல்ட்டால் அடித்ததாகச் சொன்னான். போலீஸ் வீட்டுக்குப் போனது. பிள்ளைகள் இருக்கத் தகாத அளவுக்கு வீடு அசுத்தமாகவும் ஆபத்தாகவும் இருக்கிறது என்று சொல்லி, 46-ஆம் பிரிவில் எட்டுப் பேரையும் பாதுகாப்பில் எடுத்தது. மறுநாள் கவுன்சில் பெற்றோரிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. போலீஸின் 72 மணி நேரம் முடிந்த பிறகும் பிள்ளைகள் வளர்ப்புக் குடும்பங்களிலேயே இருந்தார்கள். செப்டம்பர் 11 அன்றுதான் வீடு திரும்பினார்கள். இரண்டு மாதம், எட்டுப் பிள்ளைகள், ஒரு நீதிமன்ற ஆணைகூட இல்லை.

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். கீழே ஜெயித்து, மேல்முறையீட்டில் தோற்று, கடைசியில் 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்கள். 20-ஆம் பிரிவின் கீழ் சட்ட அடிப்படை இருந்தது, பெற்றோர் தெளிவாக மறுத்துத் திருப்பிக் கேட்கவில்லை என்பது முடிவு. ஆனால் அதே தீர்ப்பில் ஹேல் அம்மையார், பெற்றோருக்கு அவர்கள் உரிமைகளைத் தெளிவாக எடுத்துச் சொல்வது நல்ல நடைமுறை என்பதையும் எழுதி வைத்தார்.

இந்த இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஓட்டம் தெரிகிறது. ஹாக்னியில் சம்மதம் பெற்றோரை நீதிமன்றத்துக்கு வெளியே நிறுத்தியது. ஹாரிங்கேயில் சம்மதம் குழந்தையை நீதிமன்றத்துக்கு வெளியே நிறுத்தியது. ஆணை கேட்பது கடுமையான செயல் என்று நினைத்து இரு கவுன்சில்களும் சம்மதத்தை மென்மையான வழியாகக் கொண்டன. ஹாக்னி பெற்றோருக்கு ஆணையே மென்மையாக இருந்திருக்கும். எதிர்த்து வாதாட ஓர் இடமாவது கிடைத்திருக்கும்.

இந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது

1987-இல் வடகிழக்கு இங்கிலாந்தின் கிளீவ்லேண்டில் சில மாதங்களுக்குள் 121 குழந்தைகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று மருத்துவர்கள் சொல்ல, அவர்களில் பலரை அதிகாரிகள் பிரித்து எடுத்தார்கள். முடிவுகளில் சர்ச்சைக்குரிய ஒரு மருத்துவ அறிகுறிக்குப் பெரும் பங்கு இருந்தது. அப்போது கையில் இருந்தது பழைய சட்டத்தின் 'பாதுகாப்பிட ஆணை'. ஒரே ஒரு மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டால் 28 நாள் செல்லும், பெற்றோர் மேல்முறையீடு செய்ய முடியாது. பெரும்பாலான குழந்தைகள் பின்னர் வீடு திரும்பினார்கள். நீதிபதி எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ் விசாரித்து 1988-இல் அறிக்கை கொடுத்தார். குழந்தை ஒரு மனிதர், கவலைப்பட வேண்டிய ஒரு பொருள் அல்ல என்ற அவருடைய வரியை இன்றும் பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள்.

28 நாள் 8 நாளாகச் சுருங்கியதும், ஆணையை எதிர்த்துப் போகும் உரிமை வந்ததும் அதன் பலன். அப்படிப் பார்த்தால் 1989 சட்டம் மிகையாகப் போன அதிகாரிகளைப் பார்த்து எழுதப்பட்டது. பத்தாண்டு கழித்து அதே ஹாரிங்கே அதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஐவரி கோஸ்டிலிருந்து வந்த எட்டு வயது விக்டோரியா கிளிம்பியே பாட்டி முறை உறவினரிடம் வளர்ந்தாள். 1999 ஜூலையில் மருத்துவமனையில் அவள் உடல் காயங்களைப் பார்த்து போலீஸ் 72 மணி நேரப் பாதுகாப்பில் எடுத்தது. மறுநாளே அது சொறிநோய் என்று ஒரு மருத்துவர் சொல்ல, பாதுகாப்பை விலக்கி உறவினரிடமே அனுப்பிவிட்டார்கள். 2000 பிப்ரவரி 25 அன்று 128 காயங்களோடு இறந்தாள். இதை விசாரித்த லார்ட் லேமிங் 2003-இல் கொடுத்த அறிக்கையில் 108 பரிந்துரைகள் இருந்தன. பீட்டர் இறந்தது அதற்கும் பிறகு, அதே கவுன்சிலில்.

பிறகு என்ன ஆயிற்று

2008 நவம்பரில் வழக்கு விவரம் வெளியானதும் நாடு கொதித்தது. அமைச்சர் எட் பால்ஸ் ஹாரிங்கேவின் குழந்தைகள் சேவை இயக்குநர் ஷரன் ஷூஸ்மித்தைப் பதவியிலிருந்து நீக்கினார். அவர் தரப்பைக் கேட்காமல் நீக்கியது நியாயமற்றது என்று 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இந்தச் சண்டையில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை.

வழக்கு எண்ணிக்கைதான் கவனிக்க வேண்டியது. 2008-09-இல் இங்கிலாந்தில் பராமரிப்பு வழக்குகள் சுமார் 6,500. அடுத்த ஆண்டே 8,800-ஐத் தாண்டின. 2016-17-இல் 14,500-ஐ ஒட்டி வந்துவிட்டன. சட்டத்தின் வரம்பில் ஒரு சொல்லும் மாறவில்லை. அதே வரம்பை எட்டியதாகச் சொல்லும் துணிச்சல் மாறியது, அல்லது பயம் மாறியது. இதில் இன்னொரு வேடிக்கை: பீட்டர் இறந்து ஓராண்டு முடிவதற்குள், 2008 மே மாதம், கவுன்சில் பராமரிப்பு வழக்குப் போட நீதிமன்றத்துக்குக் கட்ட வேண்டிய கட்டணத்தை 150 பவுண்டிலிருந்து முழு விசாரணைக்கு 4,825 பவுண்டு வரை அரசு உயர்த்தியிருந்தது. குழந்தையைக் காப்பாற்ற வழக்குப் போடும் கவுன்சிலிடம் அரசே கட்டணம் கேட்ட கதை.

வழக்குகள் குவிந்ததால் முடிய ஓராண்டுக்கும் மேல் ஆனது. 2014-இன் குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம் 26 வாரக் கெடு வைத்தது. நடுவில் 2013-இல் உச்ச நீதிமன்றம், வேறு எதுவுமே உதவாது என்ற நிலையில் மட்டுமே பெற்றோர் சம்மதம் இல்லாமல் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று கடிவாளத்தை மறுபடி இழுத்தது. கிளீவ்லேண்டில் தொடங்கிய ஊசலாட்டம் இன்னும் நிற்கவில்லை.

இப்போது கவுன்சில் வழக்குப் போடுவதற்கு முன், மிக அவசரம் இல்லையென்றால், பெற்றோருக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். கவலைகள் என்னென்ன, எதை மாற்ற வேண்டும், எப்போது சந்திப்பு என்று அதில் இருக்கும். லண்டனில் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு அந்தக் கடிதம் வந்தால் கைகால் உதறும் என்பது தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கடிதம் கையில் இருந்தால் பெற்றோர் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே வழக்கறிஞரின் ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். வழக்கே வந்துவிட்டால் முழுச் சட்ட உதவியும் அப்படியே. வீட்டுக் கூடத்தில் வைத்து நீட்டப்படும் 20-ஆம் பிரிவுச் சம்மதப் படிவத்துக்கு அந்த உரிமை தானாக வருவதில்லை.